சுவரில் துளை போடாமல் கிறிஸ்துமஸ் விளக்கு கட்டுவது எப்படி? குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் கடைசியில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, கோட்டாறு என எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஸ்டாரும் சீரியல் விளக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்குவது எளிது. வாங்கி வந்ததை வீட்டு முகப்பில் எதில் மாட்டுவது என்று வரும்போதுதான் பலரும் டிரில்லிங் மிஷினைத் தேடுகிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் கொண்டாடுபவர்களுக்கும், வேலை நிமித்தமாக இந்த மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

துளை வேண்டாம் என்பதற்கு வீட்டுக்காரரின் கோபம் மட்டும் காரணம் இல்லை. சன்ஷேடு விளிம்பின் கனம் பெரும்பாலும் 3 அங்குலம்தான். உள்ளே கம்பி மேற்பரப்புக்கு மிக அருகில் ஓடும். துளை வழியாக மழைநீரும் உப்புக்காற்றும் உள்ளே போனால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் வெடித்துப் பெயரும். கடலோரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். முகப்பில் டைல் ஒட்டிய வீடு என்றால் டைல் கீறிவிடும்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படை இதுதான்: விளக்கு வயர் எந்த எடையையும் தாங்கக் கூடாது. எடையைத் தாங்க ஒரு தனிக் கயிறு வேண்டும். அந்தக் கயிறு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் உறுதியான ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டுவது கடைசி வழி.

1. அனுமதியை முதலில் முடியுங்கள்

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் சுவர், வெளிப்புறம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும்: "சார், டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை முகப்பில் விளக்கு கட்டுகிறோம். ஆணி, துளை எதுவும் போடவில்லை, கயிற்றில்தான் கட்டுகிறோம்." அவர் சரி என்று எழுதியதை அழிக்காமல் வையுங்கள். கட்டுவதற்கு முன் முகப்பை நாலு படம் எடுத்து வைத்தால், ஏற்கெனவே இருந்த பெயிண்ட் உரிவுக்கு அட்வான்ஸில் பிடித்தம் வராது. மாடியில் வேறு குடும்பம் இருந்தால் அவர்களிடமும் சொல்ல வேண்டும், கைப்பிடிச் சுவர் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

தெருவைக் கடந்து எதிர் வீட்டுக்கு வரிசை கட்டுவதாக இருந்தால் அது உங்கள் வீட்டு விஷயம் அல்ல, உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வேண்டும். மின்கம்பத்தில் எதையும் கட்டவே கூடாது. வாசலில் பெரிய குடில் வைக்க லைனில் இருந்து நேராகக் கொக்கி போட்டு எடுப்பது, 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி மின்திருட்டு. ஊர்க் குடிலுக்குத் தனியாகத் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்கலாம்.

2. நாள் பார்ப்பது

இங்கே டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம். 2017இல் ஒக்கி புயல் வந்தது நவம்பர் 30 அன்று. ஆகவே "ஒருநாள் சாயங்காலம் கட்டிவிடலாம்" என்று இருக்காதீர்கள்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் பழைய செட்டுகளை எடுத்து வீட்டுக்குள்ளேயே எரியவிட்டுப் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் வாங்க வேண்டியதை வாங்கிவிடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் கடைகளில் நல்ல செட்டுகள் தீர்ந்து, பேர் இல்லாத சரக்குதான் மிஞ்சும். கட்டுவதற்கு, முந்தைய இரண்டு நாள் மழை இல்லாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் இருந்தால் 30 அடி முகப்புக்கு ஒரு காலை போதும். தனியாளாக ஏணி ஏற வேண்டாம்.

3. அளந்து பாருங்கள்

பகலில் வீட்டைச் சுற்றி நடந்து, கட்டுவதற்குத் தோதான இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, ஜன்னல் கிரில், போர்டிகோ தூண், ஷீட் கூரையின் இரும்புக் குழாய், ஓட்டு வீட்டின் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரச்சட்டம்) முனை. இவற்றில் எது முகப்பில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் வடிவம். வடிவத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு இடம் தேடினால் துளையில்தான் போய் முடியும்.

தண்ணீர்க் குழாய், கேபிள் டிவி வயர், வீட்டுக்கு வரும் இ.பி. சர்வீஸ் வயர், அதைத் தாங்கும் கம்பி, இவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். குழாயை இழுத்தால் ஒட்டுப் போட்ட இடம் கழன்று ஒழுகும். மற்றவை உயிருக்கே ஆபத்து.

நீளம் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருந்தால் அதில் பிளக்கில் இருந்து முதல் பல்பு வரை வரும் வெற்று வயரும் சேர்ந்திருக்கலாம். பல்பு உள்ள நீளத்தைக் கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

4. வாங்க வேண்டியவை

30 அடி முகப்பு, இரண்டு ஜன்னல், ஒரு கேட் உள்ள வீட்டுக்கு இந்த அளவு போதும். விலை கடைக்குக் கடை மாறும், ஏறத்தாழ சொல்கிறேன்.

- 4 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு, 25 மீட்டர்: 100 முதல் 200 ரூபாய். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் பக்கம் வலை சாமான் கடையில் நல்ல கயிறு கிடைக்கும். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம், நனைந்தால் எடை கூடித் தொய்யும். கட்டுக்கம்பியும் வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, மழையில் சுவர் முழுக்கப் பழுப்புக் கோடு இழுக்கும்.
- கறுப்பு நிற கேபிள் டை, 100 மி.மீ. ஒரு பாக்கெட், 300 மி.மீ. ஒரு பாக்கெட்: இரண்டும் சேர்ந்து 250 முதல் 400 ரூபாய். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்.
- 4 அங்குல சி-கிளாம்ப் நாலு: ஒன்று 150 முதல் 250 ரூபாய். தச்சர்கள் பலகையைப் பிடித்து வைப்பதற்குப் பயன்படுத்துவது.
- பழைய சைக்கிள் டியூப் ஒன்று, 2 லிட்டர் குளிர்பான பாட்டில் எட்டு, நிரப்ப உலர்ந்த மணல்.
- சீரியல் செட்: ஒன்று 100 முதல் 300 ரூபாய். 12 வோல்ட் அடாப்டருடன் வருவது கொஞ்சம் கூடுதல்.
- மழைத் தண்ணீர் புகாத ஜங்ஷன் பாக்ஸ், ஐபி 65 என்று போட்டது: 150 முதல் 300 ரூபாய்.

சீரியல் செட் வாங்கும்போது பில் கேளுங்கள். பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வயரை விரலால் நசுக்கிப் பார்த்தாலே தெரியும்: மேலுறை முடி போல மெல்லியதாக இருந்தால் அது வீட்டுக்குள் குடிலுக்கு மட்டும்.

ஏணியை வாங்க வேண்டாம், பந்தல்காரரிடமோ பெயிண்டரிடமோ நாள் வாடகைக்குக் கிடைக்கும். சர்வீஸ் வயர் முகப்புப் பக்கமாக வந்தால் அலுமினிய ஏணியைத் தவிர்த்து மூங்கில் ஏணி கேளுங்கள், அதுவும் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

5. தாங்கு கயிறு கட்டுவது

வேலையின் முக்கால் பங்கு இதுதான். இதைச் சரியாகச் செய்தால் மற்றது தானாக நடக்கும்.

*மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்.* முகப்பு நெடுக 6 அடிக்கு ஒரு இடமாகக் குறியுங்கள், 30 அடிக்கு ஆறு இடம். ஒவ்வொரு இடத்துக்கும் 6 அடிக் கயிறு வெட்டுங்கள். கயிற்றின் ஒரு முனையை மணல் நிரப்பிய பாட்டிலின் கழுத்தில் கட்டி, மறுமுனையைச் சுவருக்கு மேலாக வெளியே ஓர் அடி தொங்கவிட்டு, அதில் சிறு வளையம் போடுங்கள். இப்போது 34 அடிக் கயிறு ஒன்றை அந்த ஆறு வளையங்கள் வழியாக நீளவாக்கில் ஓட்டினால் தாங்கு கயிறு தயார். மணல் நிரம்பிய 2 லிட்டர் பாட்டில் 3 கிலோவுக்கு மேல் இருக்கும், சீரியல் விளக்குக்கு அது தாராளம். இரண்டு மூலைகளிலும் பக்கவாட்டு இழுப்பு வருவதால் அங்கே இரண்டிரண்டு பாட்டில்.

பாட்டில் மாடித் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தரத்தில் ஊசலாடக் கூடாது. சுவரின் மேல் செங்கல்லோ கல்லோ தூக்கி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு காற்றுக்கு அது வாசலில் நிற்பவர் தலையில் விழும், தயவுசெய்து செய்யாதீர்கள். கயிறு சுவரின் விளிம்பில் உரசும் இடத்தில் பச்சைத் தோட்டக் குழாயை நாலு அங்குலம் வெட்டி, நீளமாகக் கீறிச் செருகிவிடுங்கள். பாட்டில்கள் மழைநீர் போகும் ஓட்டையை அடைக்காமல் பாருங்கள். அடைத்தால் மாடியில் தண்ணீர் கட்டி, சீலிங்கில் ஈரம் இறங்கும்.

கயிற்றை வீணைத் தந்தி போல முறுக்கி இழுக்க வேண்டாம். தொய்வைப் பாதியாகக் குறைத்தால் முனைகளில் வரும் இழுவிசை இரண்டு மடங்காகும். ஒவ்வொரு 6 அடிக்கும் 2 அங்குலத் தொய்வு இருந்தால் கீழே இருந்து பார்க்கக் கண்ணுக்கு நேராகவே தெரியும்.

*சன்ஷேடு.* இங்கேதான் சி-கிளாம்ப். ஜன்னலுக்கு இரண்டு. கிளாம்ப்பின் இரு வாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டை இரண்டாக மடித்து வையுங்கள். விரலால் திருகி, நின்றபின் அரைச் சுற்று மட்டும் கூடுதல். அதற்கு மேல் முறுக்கினால் விளிம்புப் பூச்சு உடைந்து கையோடு வரும். பூச்சு ஏற்கெனவே பொத்தலாக இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பாருங்கள், 'டப் டப்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கிளாம்ப்பையும் ஒரு சிறு கயிற்றால் ஜன்னல் கிரில்லோடு இணைத்துவிட்டால் கழன்றாலும் கீழே விழாது.

*போர்டிகோ தூண்.* தூணின் மேல் பக்கம் இருக்கும் அலங்கார வளையத்துக்கு மேலே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் நழுவாது. வளையம் இல்லாத வழுவழுப்பான தூண் என்றால் கயிற்றுக்கு அடியில் டியூப் துண்டு.

*ஷீட் கூரை.* மாடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் (டிரஸ்) போட்டு ஷீட் மேய்ந்த வீட்டுக்கு வேலை பாதி. 2 அங்குலக் குழாயைச் சுற்ற 200 மி.மீ. டை எட்டாது, 300 மி.மீ. வேண்டும். ஷீட்டிலேயே ஒட்ட காந்தக் கொக்கி வாங்குபவர்கள் கவனிக்க: 10 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பது தடித்த இரும்பில், நேராக இழுக்கும்போது. மெல்லிய ஷீட்டில், பக்கவாட்டில் தொங்கவிட்டால் அதில் சிறு பங்குதான் தாங்கும். அலுமினிய ஷீட்டில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

*ஓட்டு வீடு.* ஓட்டின் மேல் ஏறாதீர்கள், ஓட்டைக் கிளப்பிக் கொக்கி செருகாதீர்கள். ஓடு ஒன்றோடொன்று பூட்டி நிற்பது, ஒன்று அசைந்தால் அடுத்த மழைக்கு உள்ளே ஒழுகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழுக்கோல் முனைகளில் ஒன்று விட்டு ஒன்றாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே போங்கள். கட்டுமுன் ஒவ்வொரு முனையையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், கரையான் தின்றது உள்ளே அமுங்கும்.

*கிரில், கேட்.* 100 மி.மீ. டை போதும். கேட்டின் அசையும் பகுதியில் வயர் கட்ட வேண்டாம். கீல் பக்கம் வயர் நசுங்கி உறை கிழிந்தால் கேட் முழுக்க மின்சாரம் பாயும். மதிலில் மட்டும் கட்டுங்கள்.

6. விளக்கை ஏற்றுவது

முதலில் தரையில் விரித்து எரியவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளக் உள்ள முனையிலிருந்து தொடங்கி, ஓர் அடிக்கு ஒரு டை வீதம் தாங்கு கயிற்றோடு சேருங்கள். 30 அடிக்கு 30 டை, கெட்டுப்போவதற்குப் பத்து கூடுதல். டையை வயர் சற்று அசையும் அளவுக்கு இறுக்கினால் போதும். வாலை வெட்டும்போது கத்தி வேண்டாம், சைடு கட்டர் பயன்படுத்துங்கள்.

கடற்கரை ஊர்களிலும் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கக் காற்றுப் பாதையிலும் ஓர் அடிக்கு இரண்டு டை போடுங்கள். செங்குத்தாகத் தொங்கும் மழைத்துளி விளக்குகள் அங்கே நிற்காது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

செட்டோடு செட்டாக எத்தனை இணைக்கலாம் என்பது பெட்டியில் இருக்கும், அதை மீறாதீர்கள். நடுவில் எரியாத பல்பை வெட்டி எடுத்துவிட்டு வயரை முறுக்கி ஒட்டுவது நம் ஊர் வழக்கம். வரிசையில் ஒரு பல்பு குறைந்தால் அதன் பங்கு வோல்ட் மற்றவற்றின் மேல் ஏறும், மூன்று நாலு வெட்டிய செட் சீக்கிரமே முழுதாகக் கருகும். போதாததற்கு அந்த முறுக்கிய இடம் மழையில் 230 வோல்ட்டோடு திறந்து கிடக்கும். அந்தச் செட்டை மாற்றுங்கள்.

7. ஸ்டார்

காகித ஸ்டார் போர்டிகோவுக்கு அடியில் மட்டும். வெளியே தொங்க பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக்.

ஸ்டாரை ஹோல்டர் வயரில் தொங்கவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தங்கூசி நரம்பை (மீன் தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை) ஸ்டாரின் மேல் முனையில் இரண்டு ஓட்டை வழியாகக் கோத்துக் கட்டுங்கள், வயரை நரம்பைவிட 4 அங்குலம் நீளமாக விடுங்கள். அப்போது எடை முழுக்க நரம்பில் இருக்கும். காற்றில் சுழலாமல் இருக்கக் கீழ் முனையிலிருந்து இன்னொரு நரம்பை ஜன்னல் கிரில்லுக்கு இழுத்துவிடுங்கள். கீழ் முனையில் பேனா நுழையும் அளவு ஓட்டை ஒன்று வேண்டும், இல்லையென்றால் மழைநீர் உள்ளே தேங்கும்.

உள்ளே 9 வாட் எல்இடி பல்புக்கு மேல் வேண்டாம். குண்டு பல்பு சூட்டில் ஸ்டார் உருகும். ஹோல்டருக்கு மேல் ஒரு பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, வயரை அதன் வாய் வழியாக விட்டுக் குடை போலக் கவிழ்த்து, வாயைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அடியில் திறந்தே இருக்கட்டும். முழுக்கப் பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து ஹோல்டர் பச்சை பூக்கும்.

8. ஒட்டும் கொக்கி எங்கே பயன்படும்

டைல், கண்ணாடி, பெயிண்ட் அடித்த இரும்புக் கதவு, இவற்றில் மட்டும். சுண்ணாம்பு, சிமென்ட் பெயிண்ட், சொரசொரப்பான வெளிப்புறச் சுவர் எதிலும் பசை நிற்காது. நின்றாலும் கழற்றும்போது பெயிண்டோடு வரும், வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று எழுதியதையே வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இடத்தைத் துடையுங்கள், சோப்புத் தண்ணீர் வழவழப்பை விட்டுவைக்கும். 30 விநாடி அழுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடை ஏற்ற வேண்டும். விஹெச்பி வகை இரட்டைப் பக்க டேப் என்றால் முழுப் பிடிப்புக்கு 3 நாள் ஆகும், பிறகு கழற்றுவதும் கடினம். வாடகை வீட்டில் அது வேண்டாம்.

9. கரண்ட்

எங்கு செலவைக் குறைத்தாலும் இங்கே குறைக்காதீர்கள்.

முதலில் மெயின் போர்டைத் திறந்து, 'டி' என்ற பொத்தான் உள்ள ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்ப் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் வீட்டில் கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால், அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிட்டுத்தான் விளக்கு. சாமான் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகும். சீரியல் செட்டுகள் பெரும்பாலும் இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. கிரில்லில் கசிந்த மின்சாரத்தைக் குழந்தை தொடும்போது காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

முடிந்தவரை 12 வோல்ட் அடாப்டர் வகையை எடுங்கள். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கும், வெளியே போவது 12 வோல்ட் மட்டும். இதில் ஒரு குறை உண்டு: ஸ்ட்ரிப் 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பக்கம் மங்கும். அடுத்த 5 மீட்டருக்கு அடாப்டரில் இருந்து தனி வயர் இழுத்துவிடுங்கள்.

வயரை வெளியே எடுக்கவும் துளை தேவையில்லை. வென்டிலேட்டர் அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் இடைவெளி போதும். ஜன்னல் கதவிடுக்கில் நசுக்காதீர்கள். நுழையும் இடத்துக்கு வெளியே வயர் அரை அடி கீழே இறங்கிப் பிறகு மேலேறட்டும். மழைநீர் வயரில் வழிந்து வந்தாலும் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்கு வராது.

வெளியே இணைப்பு தவிர்க்க முடியாவிட்டால் ஜங்ஷன் பாக்ஸுக்குள், வயர் நுழையும் வாய் கீழ்நோக்கி. வெறும் இன்சுலேஷன் டேப் மழைக்குத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாலிதீன் பையில் கட்டித் தரையில் வைக்க வேண்டவே வேண்டாம்.

இடி, பலத்த காற்று என்றால் சுவிட்ச் அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். காற்றுக்குப் பிறகு, மீண்டும் போடுமுன் கீழே நின்று வரிசை முழுதும் பாருங்கள். தென்னை ஓலை விழுந்து கயிறு அறுந்திருக்கலாம், அணில் வயரைக் கடித்திருக்கலாம். இ.பி. வயர் அறுந்து உங்கள் கயிற்றின் மேல் கிடந்தால் கிட்டே போகாமல் 94987 94987 என்ற எண்ணில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு அழையுங்கள்.

பில் பெரிதாக ஏறாது. எல்லாம் சேர்ந்து 150 வாட், தினம் 5 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட். டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை 28 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு மட்டும் கவனிக்கவும், அந்த எல்லையைத் தாண்டினால் விகிதமே மாறும். டைமர் பிளக் ஒன்று போட்டுவிட்டால் விடிய விடிய எரியாது.

10. கழற்றுவது

மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) முடிந்த வாரமே இறக்கிவிடுங்கள். வெயிலில் அடுத்த மாதம் வரை விட்டால் டை, கயிறு, வயர் உறை எல்லாமே நொறுங்கத் தொடங்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கட்டியதற்கு நேர் எதிராகக் கடைசி முனையிலிருந்து வாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் டையை ஒவ்வொன்றாக வெட்டுங்கள், வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். ஒட்டும் கொக்கியின் பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேர் கீழே மெதுவாக இழுத்தால் தடம் இல்லாமல் வரும்.

செட்டை ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுத்து, ஒருநாள் நிழலில் காயவிட்டு, அட்டையில் சுற்றுங்கள். அட்டையின் மேல் எந்த இடத்துக்கு, எத்தனை அடி, எந்த வருடம் வாங்கியது என்று மார்க்கரில் எழுதி, பில்லையும் அதிலேயே செருகி வையுங்கள். கிளாம்ப்பின் திருகுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதாது, கிரீஸ் தடவுங்கள்.